மகன் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறான்: ஊருக்கு என்ன சொல்வது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் கூப்பர்டினோ பக்கம் குடியிருக்கிறோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்கள் இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. வேறு மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் கூப்பிடுகிறது. அந்தச் செலவு எங்களுக்குத் தாங்காது. "பக்கத்துல இருக்கற டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு யுனிவர்சிட்டிக்கு மாறிக்கறேம்மா" என்கிறான். கணவர் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். பத்து நாளாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோவையிலிருந்து மாமியார் கேட்டபோது, "இன்னும் முடிவாகலைம்மா" என்று பொய் சொன்னேன். நான் பி.காம். படித்துவிட்டு வீட்டோடு இருப்பவள். எனக்கு இது எதுவும் தெரியாது. அவன் சொல்வது சரிதானா?
— பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது சரி. பதினேழு, பதினெட்டு வயதில் வீட்டுக் கணக்கையும் நினைத்து ஒரு வழியைத் தேடி எடுத்திருக்கிறான். அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் பள்ளிப் படிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் இடம் என்றுதான் பதிந்திருக்கிறது. அதுவும் மதிப்பான வேலைதான். ஆனால் அங்கே இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் வேறு அமைப்பு. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தை அதில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அவருக்கு விளங்கும்படி சொன்னால், டிப்ளமோ முடித்தவர்கள் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருடம் சேரும் லேட்டரல் என்ட்ரிக்கு நெருக்கமானது. அங்கே மூன்றாம் வருடத்தில் சேர்கிறார்கள்.

இது யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழியில்லை. 1960-இல் கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதில் முக்கியமானவர். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்கு அந்தப் பல்கலைக்கழகம், மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், படிக்க வரும் மற்ற எல்லோருக்கும் இரண்டு வருடக் கல்லூரிகள், அதாவது இந்தக் கம்யூனிட்டி காலேஜ்கள் என்று பிரித்தார்கள். அங்கே முதல் இரண்டு வருடத்தை நன்றாக முடிப்பவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. புதிதாகச் சேரும் இரண்டு பேருக்கு மாறி வரும் ஒருவர் என்ற விகிதத்தை அந்தப் பல்கலைக்கழகம் இன்றும் இலக்காக வைத்திருக்கிறது. ஆக, உங்கள் மகன் கேட்பது அறுபது வருடத்துக்கு மேலாகத் திறந்தே இருக்கிற ஒரு வாசலை.

டி ஆன்சா 1967-இல் தொடங்கியது. அதே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஃபுட்ஹில் கல்லூரி அதற்கு ஒன்பது வருடம் மூத்தது. 1776-இல் அந்தப் பக்கமாகப் பயணம் வந்த ஸ்பானியத் தளபதி ஹுவான் பவுத்தீஸ்தா தெ ஆன்சாவின் பெயரைத்தான் கல்லூரிக்கு வைத்தார்கள். 112 ஏக்கர் வளாகம். ஒரு காலத்தில் பெரிய செல்வந்தர் ஒருவரின் மாளிகையும் திராட்சைத் தோட்டமும் இருந்த நிலம். அந்த மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது, உள்ளே கலிஃபோர்னிய வரலாற்று மையம் இயங்குகிறது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பெர்க்லிக்குப் போகும் முன் இங்கே படித்தவர். 1984 ஜனவரியில் மேக்கின்டாஷ் கணினியை உலகுக்கு முதலில் காட்டியதும் இந்த வளாகத்தின் ஃபிளின்ட் அரங்கில்தான். உங்கள் கணவர் மென்பொருள் துறையில் இருப்பவர் என்றால் இந்த இரண்டு செய்தியையும் அவர் காதில் போட்டுவையுங்கள்.

அந்த 1984 வரை கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்குக் கட்டணமே கிடையாது. இப்போது டி ஆன்சாவில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவைக் கணக்கிடும் ஒரு அலகுக்கு, 31 டாலர். மாறிப்போக அப்படி 90 யூனிட் வேண்டும். பெருக்கினால் இரண்டு வருடத்துக்கு 2,790 டாலர். சில்லறைக் கட்டணங்களும் புத்தகமும் தனி. முதல்முறையாக முழுநேரம் சேரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அந்த யூனிட் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது, விண்ணப்பித்துப் பாருங்கள். கிரீன் கார்டு இன்னும் வரவில்லையென்றால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவரும் மாநிலவாசிக் கட்டணம் பெறலாம். ஆனால் ஒரு வருடமும் ஒரு நாளும் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும்.

இனி, நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். இந்த வாசல் திறந்திருக்கிறதே தவிர, யாரும் கையைப் பிடித்து அழைத்துப்போக மாட்டார்கள். எந்தப் பாடம் எடுத்தால் எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்பது ஊருக்கு ஊர் வேறு. 'அசிஸ்ட்' என்ற மாநில அளவிலான அதிகாரபூர்வ இணையதளத்தில் அது முழுக்க இருக்கிறது. சேரும் முன்பே அவன் மூன்று வளாகங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் பாடப்பட்டியலை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். "முதல் வருஷம் ஏதாவது எடுப்போம், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டவர்களுக்குத்தான் இரண்டு வருடம் நான்காகிறது.

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மாறி வருவோருக்கு உத்தரவாத இடம் தருகின்றன. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மாறும் வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் சராசரி ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒவ்வொரு அளவு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் இல்லை. அங்கே போட்டியிட்டுத்தான் போகவேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சில வளாகங்கள் உத்தரவாதம் தருவதில்லை, அந்தப் பட்டியல் வருடாவருடம் மாறும். இதை அவன் மனத்தில் போட்டுவைத்திருக்கிறானா என்று கேளுங்கள்.

போதாததற்கு, அங்கே வருடத்தைச் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. பன்னிரண்டு வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். பள்ளியில் மெதுவாகச் சூடுபிடிக்கும் பிள்ளைகள் முதல் குவார்ட்டரிலேயே தடுக்கி விழுகிறார்கள். வளாகத்துக்குள் விடுதியும் கிடையாது. செப்டம்பரில் நண்பர்கள் எல்லோரும் விடுதி அறைப் படங்களை அனுப்பும்போது இவன் அதே பழைய அறையில், அதே கட்டிலில் இருப்பான். அந்த மாதம் அவனுக்குக் கடினமாகத்தான் இருக்கும். பள்ளிப் பையனைப்போல "எங்கே போறே, எப்போ வர்றே" என்று நடத்தாதீர்கள். வீட்டுக்குள்ளேயே அவனுக்குக் கல்லூரி மாணவனுக்குரிய இடம் கொடுங்கள்.

கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்லூரி பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமானதில்லை. நர்சிங், ஆட்டோமொபைல், மருத்துவ ஆய்வகப் பணி, குழந்தை வளர்ச்சி, அனிமேஷன் என்று நேராக வேலைக்குப் போகும் படிப்புகள் அங்கே நிறைய. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் கணக்கியல் பாடங்களைப் படிக்கத் திரும்பி வருவதும் வழக்கம். பி.காம். படித்த உங்களுக்கு ஒரு கணக்கியல் வகுப்பு புதிதாக இருக்காது. ஒன்றே ஒன்று எடுத்துப் பாருங்கள்.

மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "டி ஆன்சாங்கற அரசுக் கல்லூரியில ரெண்டு வருஷம் படிச்சிட்டு, பெரிய யுனிவர்சிட்டியில மூணாவது வருஷம் சேர்றாம்மா. பட்டத்துல அந்த யுனிவர்சிட்டி பேர்தான் இருக்கும்" என்றால் போதும். இதில் மறைக்க எதுவும் இல்லை. நீங்கள் மறைத்தால்தான், மறைக்க ஏதோ இருக்கிறது என்று பையன் நினைத்துக்கொள்வான்.

பாடம் பதிவதற்கு முன் அங்கே கல்வி ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கலாம். அந்தச் சந்திப்புக்கு உங்கள் கணவரையும் அனுப்பிவையுங்கள். கேள்விகளை மகனே கேட்கட்டும். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.