மரம் தின்னும் வண்டுகளின் குடல் ஈஸ்ட்: ஜீனோம் பற்றிக் கேள்வி பதில்

வண்டுக் குடல் ஈஸ்ட்டுகளைப் பிரித்தெடுப்பதில் தொடங்கி ஜீனோமை (உயிரியின் முழு டி.என்.ஏ. தொகுப்பை)ப் படிப்பது வரை உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வணக்கம் அக்கா. வண்டு தின்ற மரத்தைச் செரிப்பது இந்த ஈஸ்ட்டுகள்தானா?

பெரும்பாலும் இல்லை தம்பி. செல்லுலோஸை உடைக்கும் பெரும்பங்கு வண்டின் சொந்த நொதிகளுக்கும் குடல் பாக்டீரியாக்களுக்கும் உரியது. 2016-இல் வெளியான ஆசிய நீள்கொம்பு வண்டின் ஜீனோமில், தாவரச் செல்சுவரை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் ஏராளமாக இருந்தன. இந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் உடைந்த பிறகு வெளிவரும் சைலோஸ், செல்லோபயோஸ் என்ற சிறு சர்க்கரைகளை எடுத்துக்கொள்வதில்தான் ஈஸ்ட் கெட்டிக்காரன். அதோடு மரத்தில் நைட்ரஜனும் பி வைட்டமின்களும் மிகக் குறைவு. ஸ்டீராலைப் பூச்சிகளால் தாமாகத் தயாரிக்கவே முடியாது. சர்க்கரையைப் பற்றி மட்டும் பேசுகிறோம், வண்டுக்கு உண்மையான நெருக்கடி இந்தப் பற்றாக்குறைகளில்தான் இருக்கிறது, ஈஸ்ட் கைகொடுக்கக்கூடிய இடமும் அதுதான்.

கேள்வி: எந்த வண்டில் எங்கே தேட வேண்டும்?

அழுகிய மரத்தில் வாழும் பஸ்ஸாலிட் வண்டுகளில் பின்குடல். நீள்கொம்பு வண்டுகளில் புழுவின் நடுக்குடலை ஒட்டிய மைசீட்டோம் என்ற சிறு பைகள். தாய் வண்டில் முட்டையிடும் குழாயருகே உள்ள பைகள். மான்கொம்பு வண்டுகளில் பெண்ணின் மைகாஞ்சியம், அதாவது பூஞ்சையைச் சுமக்கும் பை. இது 2010-இல்தான் தெரியவந்தது. ஸ்டெகோபியம், லாசியோடெர்மா போன்ற சிறு வண்டுகளில் முன்குடலும் நடுக்குடலும் சேரும் இடத்து மைசீட்டோம். கடைசியில் சொன்னவற்றில் வாழும் சிம்பியோடாஃப்ரினா ஈஸ்ட் வடிவில் வளர்ந்தாலும் ஈஸ்ட் குலத்தைச் சேர்ந்ததல்ல, இழைப்பூஞ்சைகளின் உறவு. அதன் ஜீனோமை, உண்மையான ஈஸ்ட் குலத்து ஸ்கெஃபர்சோமைசிஸோடு ஒப்பிடும்போது இதை மனத்தில் வையுங்கள்.

கேள்வி: தட்டில் ஒவ்வொரு முறையும் பூசணமும் பாக்டீரியாவும்தான் வருகிறது. என்ன செய்வது?

வண்டை உணவில்லாமல் ஒரு நாள் சுத்தமான பெட்ரி தட்டில் விடுங்கள். தின்ற மரத்தோடு வந்த வழிப்போக்கர்கள் பெரும்பாலும் வெளியேறிவிடும். 70% எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய 0.9% உப்புக் கரைசலில் இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசல் நீரையும் ஒரு தட்டில் பரப்ப வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய முடிவுகளை நம்பக்கூடாது.

குடலை 200 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசலில் அரைத்து, பத்துப் பத்து மடங்காக நான்கு படி நீர்த்துப் பரப்புங்கள். ஊடகம்: லிட்டருக்கு ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 3 கிராம், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 3, பெப்டோன் 5, குளுக்கோஸ் 10, அகர் 20. பாக்டீரியாவைத் தடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 3.5 அளவுக்குக் கொண்டுவாருங்கள். அமிலத்தை ஆட்டோகிளேவுக்குப் பிறகு, அகர் 55 டிகிரிக்கு ஆறியதும்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் சூட்டில் அகர் சிதைந்து தட்டு இறுகாது. அமிலம் வேண்டாமென்றால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோராம்ஃபெனிகால்.

25 டிகிரியில் வையுங்கள். மூன்றாம் நாளில் பெரிதாகத் தெரியும் காலனிகளை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டை எறிவதுதான் பலரும் செய்யும் தவறு. மெதுவாக வளர்பவை இரண்டு மூன்று வாரம் எடுக்கும், கூட்டுவாழ்வில் ஊறியவை பெரும்பாலும் அவைதான். ஒற்றைக் காலனியிலிருந்து குறைந்தது மூன்று முறை ஸ்ட்ரீக் செய்து (தட்டில் கோடிழுத்துப் பரப்பி) தூய்மையாக்கிய பிறகு, இனத்தை அடையாளம் காண உதவும் ரைபோசோம் மரபணுவின் டி1/டி2 பகுதியைப் படியுங்கள். தெரிந்த இனங்களிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நீள்வாசிப்பு சீக்வென்சிங்குக்கு டி.என்.ஏ. எடுத்தால் துண்டு துண்டாக வருகிறது. டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதமும் 1-ஐத் தாண்டவில்லை.

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். துண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் செல்லை உடைக்கப் போடும் கண்ணாடி மணிகள். குறுவாசிப்புக்கு அவை பரவாயில்லை, நானோபோர் போன்ற நீள்வாசிப்புக் கருவிக்கு ஆகாது. செல்சுவரை நொதியால் கரையுங்கள்: இரவு முழுக்க வளர்த்து முதிரவிடாமல், இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அறுவடை செய்யுங்கள். முதிர்ந்த செல்லின் சுவர் தடித்து நொதிக்கு மசியாது. 1 மோலார் சார்பிட்டால், 10 மில்லிமோலார் டைதயோதிரெய்ட்டால் (DTT), மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சைமோலியேஸ்-20டி என்ற சுவர் கரைக்கும் நொதி கலந்து 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம். ஒரு துளியை 1% எஸ்.டி.எஸ். என்ற சோப்புக் கரைசலோடு கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள். செல்கள் வெடித்து வெறும் நிழலாகத் தெரிந்தால் போதும். இல்லையென்றால் இன்னும் விடுங்கள். அதன்பின் வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியின் பக்கமே போகக்கூடாது, வாய் அகன்ற டிப் மட்டும்.

விகிதம் இறங்குவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பாலிசாக்கரைடு என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. சி.டி.ஏ.பி. என்ற சோப்பு வகை வேதிப்பொருள் அதை நீக்கும், ஆனால் உப்புச் செறிவு 0.7 மோலாருக்குக் கீழே போகக்கூடாது. போனால் சி.டி.ஏ.பி. டி.என்.ஏ.வையே பிடித்து வீழ்படிவாக்கிவிடும். விளைச்சலே இல்லை என்று வருந்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டி.என்.ஏ. அளவை ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப்பில் மட்டும் பார்க்காதீர்கள்; ஆர்.என்.ஏ. மிச்சத்தையும் சேர்த்துப் பல மடங்கு கூட்டிக் காட்டும். டி.என்.ஏ.வோடு மட்டும் சேரும் ஒளிர்சாயத்தை வைத்து அளக்கும் கியூபிட்டில் சரிபாருங்கள்.

கேள்வி: 14 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்து) எதிர்பார்த்தேன், துண்டுகளைச் சேர்த்து உருவாக்கிய அசெம்பிளி 27 வந்திருக்கிறது. ஒற்றையாக இருக்க வேண்டிய மரபணுக்களைச் சரிபார்க்கும் பஸ்கோவில் இரட்டிப்பு மிக அதிகம்.

மூன்றில் ஒன்று: ஒத்த குரோமோசோம்கள் மிகவும் வேறுபட்ட டிப்ளாய்டு (இரு தொகுதிக் குரோமோசோம் கொண்டது), இரண்டு இனங்களின் கலப்பினம், அல்லது தூய்மையாகாத கல்ச்சர். குறுவாசிப்புகளிலிருந்து 21 எழுத்து நீளத் துண்டுகள் எத்தனை முறை வருகின்றன என்று காட்டும் கே-மெர் வரைபடம் போடுங்கள். வேறுபாடுள்ள இடங்களில் இரு வடிவங்களும் பாதிக்குப் பாதி வந்தால் முதல் இரண்டில் ஒன்று. 80க்கு 20 போல வந்தால் கலந்த கல்ச்சர் என்றே கொள்ளலாம். இரண்டு வெவ்வேறு மைட்டோகாண்டிரிய ஜீனோம்கள் முழுதாக வந்தாலும் கலப்படத்தைத்தான் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் மறுபடி ஒற்றைக் காலனியிலிருந்து தொடங்குங்கள். இரட்டிப்புகளை நீக்கும் பர்ஜ் டூப்ஸ் நிரலை ஓட்டி அளவைப் பாதியாக்கிவிட்டு, காரணம் தெரியாமலே மேலே போகாதீர்கள்.

கேள்வி: இந்த ஈஸ்ட்டின் சைலோஸ் ரிடக்டேஸ் (சைலோஸைச் சைலிட்டாலாக்கும் நொதி) மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் போட்டால் புரதம் வருகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

சி.டி.ஜி. கோடானைப் பாருங்கள் (கோடான் என்பது ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து). ஸ்கெஃபர்சோமைசிஸ், ஸ்பதாஸ்போரா, யமடாசைமா எல்லாம் அந்தக் கோடானை லியூசினாக அல்ல, செரினாகப் படிக்கும் குலம். ஈ. கோலை லியூசின் வைக்கும். நீரை வெறுக்கும் அமினோ அமிலம், நீரை நாடும் அமினோ அமிலத்தின் இடத்தில் உட்கார்ந்தால் புரதம் சரியாக மடியாமல் போகலாம். அந்த இடங்களை டி.சி.டி. என்று மாற்றிச் செயற்கையாக எழுதி வாங்குங்கள். எதிர்த்திசையிலும் இதே வலைதான்: ஒளிரும் புரதமோ மருந்து எதிர்ப்பு மரபணுவோ வெளியிலிருந்து இந்த ஈஸ்ட்டுக்குள் போகும்போது, அதிலுள்ள சி.டி.ஜி. ஒவ்வொன்றையும் வேறு லியூசின் கோடானாக மாற்றியாக வேண்டும். இதைச் செய்யாமல் உருமாற்றமே நடக்கவில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் புரோட்டோகாலைத் திருத்துகிறவர்கள் உண்டு.

கணினியிலும் கவனம் தேவை. புரதங்களாக மொழிபெயர்க்கும்போது மரபுக் குறியீட்டு அட்டவணைகளில் 12-ஐத் தேர்ந்தெடுங்கள். மரபணுப் பரிணாமத்தை அளக்கும் கோட்எம்எல் நிரலில் ஐகோட் 8. சி.டி.ஜி. நிறுத்தக் கோடான் அல்ல என்பதால் தவறான அட்டவணையிலும் மரபணுக்கள் முழுதாகவே தெரியும், எச்சரிக்கை எதுவும் வராது. வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் நிரலும் பொருத்தம் காட்டும். தவறு அப்படியே தரவுத்தளம் வரை போய்விடும். மரத்தோடு தொடர்புள்ள இன்னொரு ஈஸ்ட் பக்கிசோலென் இதே கோடானை அலனினாகப் படிக்கிறது, அதற்கு அட்டவணை 26. புதிய குலம் என்றால் ஊகிக்காமல், குறியீட்டைக் கணிக்கும் கோடெட்டா நிரலை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கூட்டுயிர் என்றால் ஜீனோம் சுருங்கியிருக்க வேண்டாமா?

அசுவினியின் புக்னெரா பாக்டீரியாவை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். அது சுமார் 0.64 மெகாபேஸ்தான். 2007-இல் வெளியான ஸ்கெஃபர்சோமைசிஸ் ஸ்டைபிடிஸ் 15.4 மெகாபேஸ், எட்டு குரோமோசோம்கள். 2011-இல் வந்த ஸ்பதாஸ்போரா பஸ்ஸாலிடேரம் சுமார் 13. தனித்து வாழும் ரொட்டி ஈஸ்ட்டே சுமார் 12தான். சுருங்கவில்லை, ஏனென்றால் இவை வண்டுக்கு வெளியேயும் வாழ்கின்றன: பல வண்டுகளில் முட்டையின் மேற்பரப்பில் பூசப்பட்டு, மரத்தில் வளர்ந்து, புழு தின்னும்போது உள்ளே திரும்புகின்றன. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியில் முட்டைக்குள்ளேயே கடத்தப்படும் ஈஸ்ட் போன்ற கூட்டுயிரில் மரபணு இழப்பு தெளிவாகத் தெரிகிறது. பூஞ்சையின் ஸ்டீராலான எர்கோஸ்டீராலைத் தயாரிக்கும் பாதையே முழுமையடையாமல் நிற்கிறது. எப்படிக் கடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது இது.

கேள்வி: என் ஈஸ்ட்டில் சைலோஸ் மரபணுக்கள் மூன்றும் உள்ளன. எத்தனால் வராமல், இடைப்பொருளான சைலிட்டால்தான் வருகிறது.

முதல் நொதியான சைலோஸ் ரிடக்டேஸ் என்.ஏ.டி.பி.எச்.சைச் செலவழிக்கிறது, சைலிட்டாலை மேலே கொண்டுபோகும் இரண்டாவது என்.ஏ.டி.யைக் கேட்கிறது (இரண்டும் எலக்ட்ரான் கடத்தும் துணைப்பொருள்கள்). ஆக்சிஜன் குறைந்தால் என்.ஏ.டி. மீளாமல் ஓட்டம் சைலிட்டாலில் தேங்கும். பஸ்ஸாலிடேரத்தில் முதல் நொதிக்கு இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன, ஒன்று என்.ஏ.டி.எச்.சை விரும்புவது, அதனால்தான் அது நன்றாக நொதிக்கிறது. குடுவையில் காற்றோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். மூன்று மரபணுவும் இருந்தும் சைலோஸில் வளரவே வளராத ஈஸ்ட்டுகள் உண்டு, எனவே மரபணுப் பட்டியலை வைத்து மட்டும் எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: ஜீனோம் முடிந்தது. கட்டுரையில் கூட்டுயிர் என்று எழுதலாமா?

ஜீனோமை மட்டும் வைத்து எழுதக்கூடாது. என்ன செய்ய முடியும் என்பதைத்தான் அது காட்டும். குடலுக்குள் செய்கிறதா, வண்டுக்கு அது தேவையா என்பதற்கு வண்டிடம்தான் கேட்க வேண்டும். முட்டை மேற்பரப்பைக் கிருமி நீக்கி ஈஸ்ட் இல்லாத புழுக்களை வளர்த்து, பாதிக்கு ஈஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்து, எடையையும் கூட்டுப்புழு ஆகும் நாளையும் ஒப்பிடுங்கள். ஸ்டெகோபியத்தில் இது 1940களிலேயே செய்யப்பட்டது: ஈஸ்ட் இழந்த புழுக்கள் தேங்கின, பி வைட்டமின் கொடுத்ததும் தேறின. கிருமிநீக்கியே முட்டையைப் பலவீனப்படுத்தலாம் என்பதால், கழுவிவிட்டு உடனே ஈஸ்ட் பூசிய குழு கட்டாயம் வேண்டும். மரத்திலேயே ஆண்டுக்கணக்கில் வளரும் இனம் என்றால் செயற்கை உணவில் தொடங்குங்கள், அதில் பி வைட்டமின்களும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் இருக்கக்கூடாது. இருந்தால் இரண்டு குழுக்களும் ஒரே மாதிரி வளர்ந்து வேறுபாடே தெரியாமல் போகும்.