புது வீட்டுக்கு ஸ்ப்ளிட் ஏசிக்குப் பதிலாக, சூடும் குளிரும் தரும் டக்ட் ஏசி போடலாமா? பராமரிப்பு கஷ்டமா?

போடலாம். ஆனால் ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மதுரையில் வீடு கட்டுகிறோம், தீபாவளிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரோ "எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இதுதான்" என்று சொல்லியிருப்பார். என் வீட்டில் அதைச் சொன்னது என் தம்பி. டல்லாஸில் இருக்கிறான். அவன் வீட்டில் கூரைக்கு அடியில், பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு பெட்டி. அதுதான் ஏர் ஹேண்ட்லர். உள்ளே ஒரு ஃபில்டர், ஒரு காயில் (குளிர்ந்த குழாய்ச் சுருள்), ஒரு ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி), அவ்வளவுதான். அறைக் காற்றை இழுத்து, காயில் வழியே குளிர வைத்து, டக்டில், அதாவது அறைகளுக்குப் போகிற காற்றுக் குழாயில், திருப்பி அனுப்பும். நான் மதுரை புதூரில் இருக்கிற எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது "அக்கா, சுவர்ல டப்பா டப்பாவா மாட்டாதே" என்று ஒற்றைக்காலில் நின்று, ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைக்கும் சேர்த்து மூன்று டன் குளிர்ச்சித் திறனில் இதைப் போட வைத்தான்.

சூடு பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அது தனி மெஷின் இல்லை. ஏசிக்குள் சுற்றுகிற குளிர்விக்கும் கேஸ் ஓடும் திசையை ஒரு வால்வு மாற்றிவிடும், வெளியே தள்ளுகிற சூட்டை வீட்டுக்குள் தள்ளும். கொடைக்கானலில் வீடென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். மதுரையில் மார்கழி விடியலிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் காசுக்கு மேற்குச் சுவருக்கு நிழல் பண்ணுங்கள்.

நிழல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மேற்குப் பக்கம் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு புங்க மரம் நின்றது. மொட்டை மாடியில் இருக்கிற அவுட்டோர் யூனிட்டுக்கு மூன்று மணிக்கு மேல் அதுதான் குடை. பக்கத்து வீட்டுக்காரர் கார்மேல் பூ கொட்டுகிறது என்று நாங்கள் திருச்செந்தூர் போயிருந்த அன்று பார்த்து வெட்டிவிட்டார். கேட்டால் "டீச்சர், அது தெரு மரம்தானே" என்கிறார். தெரு மரம் என்றால் அவர் மட்டும் எப்படி வெட்டலாம்? ஏசியின் டன் கணக்கு வெளியே 35 டிகிரி இருக்கும்போது எடுத்தது. கத்திரி வெயிலில் 40 தாண்டினால் மூன்று டன் மூன்று டன்னாக இருக்காது. அந்த மனிதரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழா, எதிர்சேவை அன்று ராத்திரி, அதாவது மதுரைக்கு வரும் அழகரை வழியில் எதிர்கொண்டு வரவேற்கும் நாள். அவர் வரும் வழியில் இருக்கிற புதூரில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அன்று நம் வீடு நம்முடையது இல்லை. ஹாலில் பன்னிரண்டு பேர் படுக்கை. ஏசி ஜம்மென்று ஓடியது, தம்பியை மனசுக்குள் பாராட்டினேன். மூன்று மணிக்கு எல்லோரும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிளம்பிவிட்டோம். சின்ன அத்தையும் அவர் பேரன் ஐந்து வயசுப் பையனும் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குக் குளிர் ஆகாது. நாங்கள் போனதும் ஏசியை அணைத்திருக்கிறார்.

திரும்பி வந்தால், மெத்தை தொப்பல். "ஏத்தா, பய நனைச்சுட்டான் போல" என்றார் அத்தை. பையன் "நான் இல்ல, நான் இல்ல" என்று அழுகிறான், யாரும் நம்பவில்லை. நானும்தான். மறுநாளும் அதே இடம், அதே ஈரம், பையன் மேல் அதே பழி. மூன்றாம் நாள் அவன் ஊருக்குப் போன பிறகும் தரை நனைந்திருந்தது. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். ஜிப்சம் சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக ஒரு வட்டம், நடுவே ஒரு சொட்டு, விழுவோமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்தார். அரைமணி ஓட்டிப் பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. "கேஸ் கம்மி மேடம், ஐஸ் கட்டி உருகுது" என்றார். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது, குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம், ஓட்டையைக் காட்டுங்கள் என்றேன். "சார் இருக்காரா?" என்று கேட்டார். முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். சார், அதாவது என் வீட்டுக்காரர், வங்கியில் இருந்தவர், அவருக்கு ரிமோட்டில் பேட்டரி மாற்றவே நான் வேண்டும். ஆனாலும் சாரிடம் பேசி, சாரிடம் மூவாயிரம் வாங்கி, கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். அன்று ராத்திரியும் சொட்டியது.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மே மாதத்தில் மொட்டை மாடியில் ஏறி வேலை பார்க்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் உண்டு. கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் மேல்தான் கோபம்.

பிறகு நானே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தேன். ஓடும்போது சொட்டவே இல்லை. அணைத்துப் பத்து நிமிடத்தில் சொட்டியது. அங்கே பொறி தட்டியது. எங்கள் பெட்டியில் ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருக்கிறது, காற்றை உறிஞ்சுகிறது. அதனால், காயில்மேல் காற்றின் ஈரம் வியர்த்து வடிகிற தண்ணீரைப் பிடிக்க அடியில் வைத்த ட்ரே பக்கம் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. டிரைன் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி வரும், தண்ணீரை இறங்க விடாது. ஸ்ட்ராவில் இளநீரை உறிஞ்சி நிறுத்தி வைக்கிற மாதிரிதான். ப்ளோயர் நின்றதும் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் பைப்புக்குள் பாயும். எங்கள் பைப்பில் வாட்டம் சரியில்லை, உள்ளே பாசி, பைப் திரும்புகிற ஒரு முட்டி இணைப்பில் பசையே போடாமல் சொருகி வைத்திருந்தார்கள். போக வழியில்லாத தண்ணீர் அந்த முட்டியில் வெளியேறி, அத்தை பேரன் மெத்தையில் விழுந்தது.

கொஞ்ச நஞ்சத் தண்ணீர் இல்லை. புழுக்கமான நாளில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வரும். எங்களுடையது மூன்று டன். ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு குடத்துக்கு மேல்.

இதற்கு வைத்தியம் வாஷ்பேசினுக்கு அடியில் நீங்கள் தினமும் பார்க்கிற யூ வளைவுதான். பெட்டியை விட்டு வெளியே வந்ததும் டிரைன் பைப்பில் ஒரு யூ. அதில் நிற்கும் தண்ணீர் காற்றை அடைத்துவிடும், ட்ரேயில் விழுவது விழ விழ இறங்கிவிடும். நூறு, இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஆனால் அதைப் போட சீலிங்கை அறுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் சீலிங் போட்டவர் அழகு கெடும் என்று திறப்பே விடவில்லை. மூன்று டன் பெட்டியை உள்ளே வைத்துச் சமாதி கட்டிவிட்டார். இப்போது பெட்டிக்கு நேர் கீழே இரண்டுக்கு இரண்டு அடிக் கதவு இருக்கிறது. அழகில்லைதான், இருக்கட்டும். தம்பியிடம் சொன்னபோது "ஃப்ளோட் சுவிட்ச் வைக்கலையா, பெட்டிக்கு அடியில ரெண்டாவது ட்ரே இல்லையா?" என்று அதிர்ச்சியானான். அவன் ஊரில் பரணில் வைத்தால் அதெல்லாம் வழக்கமாம். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ட்ரேயில் தண்ணீர் ஏறினால் மெஷினை நிறுத்திவிடுகிற சின்ன மிதவைதான் அது. இப்போது வைத்துவிட்டேன்.

பராமரிப்பு கஷ்டமா என்று கேட்டீர்கள். பெட்டியை எட்ட முடிந்தால் கஷ்டமில்லை. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். புதூர் தூசிக்கு அதுவே தாமதம். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், காயிலில் நிஜமாகவே ஐஸ் கட்டும், அதையும் கேஸ் கம்மி என்பார்கள். காயிலைக் கழுவப் போர் தண்ணீர் எடுக்காதீர்கள், எங்கள் பக்கத்து உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். மாசியில், சீசனுக்கு முன்னால், ட்ரேயில் நான்கு செம்பு தண்ணீர் ஊற்றி வெளியே ஏறக்குறைய அதே அளவு வருகிறதா பார்ப்பேன். குளிர்காலத்தில் யூ வளைவு காய்ந்திருக்கும், அதுவும் நிரம்பிவிடும். குளிர்ந்த செம்புக் குழாய்மேல் உள்ள கறுப்பு ரப்பர் உறை கிழிந்தாலும் வியர்த்துச் சொட்டும். எங்கள் மாடியில் அதைக் கிழிப்பது அணில். வருஷத்துக்கு ஒருமுறை புது உறை.

கரண்ட் பில்லையும் யோசியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் கீழ்ப்படி (ஸ்லாப்) யூனிட்களுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். ஒரே அறையில்தான் தூங்குவோம் என்றால் மூன்று அறைக்கும் ஊதுகிற டக்ட் வேண்டாம், ஸ்ப்ளிட்டே போதும். பணத்திமிர் என்று என்னைச் சொல்பவர்கள் சொல்லட்டும், வீடு நிறைய ஆள் வருகிற குடும்பம் எங்களுடையது.

போடுவதென்று முடிவானால், சீலிங் ஆள் பலகையோடு வரும் அன்று நீங்களோ வீட்டம்மாவோ கண்டிப்பாக அங்கே இருங்கள். கதவு எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். ட்ரேயில் தண்ணீர் ஊற்றி, ப்ளோயரை ஓடவிட்டு ஒருமுறை, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, முட்டிகளைக் கையால் தடவிப் பாருங்கள். கை காய்ந்திருந்தால் பலகையை ஏற்றச் சொல்லுங்கள்.