'யுஹெச்எஃப்' படம் சிலருக்கு ஏன் உயிர், சிலருக்கு ஏன் அறுவை?

கேலிப் பாடல்களுக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் 'வியர்ட் ஆல்' யான்கோவிக் நடித்த இந்த 1989 நகைச்சுவைப் படத்தைப் பற்றி ஏன் இப்படி இரண்டு கட்சி என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் படத்தின் அமைப்புதான். மூடப்போகும் குட்டி டிவி சேனல் ஒருவன் கைக்கு வருகிறது; கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் டிவி நிகழ்ச்சிகளையும் சினிமாக்களையும் கிண்டலடிக்கும் துணுக்குகள். கதை தேடிப் போனவர்கள் நெளிந்தார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கும் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வது, படத்தில் அந்தச் சேனலில் வரும் 'மீன் சக்கரம்' என்ற பரிசுப் போட்டியைத்தான். சக்கரம் முழுக்க நிஜ மீன்கள். சுழற்றிய பெண்ணுக்கு ஒரு மீன் விழுகிறது. அதை விட்டுக்கொடுத்து, உள்ளே என்ன என்று தெரியாத ஒரு பெட்டியைக் கேட்கிறார், பெட்டி காலி! பரிசுப் போட்டிகளின் பேராசை முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ஆனால் அதை நடத்தும் ஆசியப் பாத்திரத்தின் பேச்சு இன்று பலருக்கு உறுத்துகிறது, எனக்கும்தான்.

துப்புரவுத் தொழிலாளி ஸ்டான்லியாக வரும் மைக்கேல் ரிச்சர்ட்ஸை இரு கட்சியும் ரசிக்கிறது. வெளியாகும் முன் போட்டுக் காட்டியபோது படத்துக்கு நல்ல வரவேற்பு. அப்புறம் 'பேட்மேன்' ஓடிய கோடையில் தியேட்டரில் படுத்துவிட்டது. வீடியோ கேசட்டும் கேபிள் டிவியும்தான் இதற்குக் கூட்டம் சேர்த்தன.