பழைய சர்வே முடிவுகள் எங்கே போயின?

கேள்வி: 140 பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனத்தில் ஆறு மாதமாக எச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். எனக்கு முன்பிருந்தவர் இரண்டு வருடம் ஊழியர்களிடம் சர்வே எடுத்திருக்கிறார். அதே மென்பொருளில் என் லாகினில் பார்த்தால் ஒன்றுகூடத் தெரியவில்லை. விற்பனையாளரைக் கேட்டால், "மேல் பிளானுக்கு மாறுங்கள், எல்லாம் வந்துவிடும்" என்கிறார். அடுத்த மாதம் சந்தா முடிகிறது. கட்டலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: இப்போது கட்டாதீர்கள். பிளானைப் பொறுத்துப் பழைய பதில்களை மறைத்துவைக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலான மென்பொருள்களில் சர்வே அதை உருவாக்கியவரின் கணக்கோடு ஒட்டியிருக்கும். அவர் பகிராவிட்டால் அடுத்து வருபவருக்குத் தெரியாது. அதனால் முதலில் உங்கள் நிறுவனத்தில் அட்மின் உரிமை (எல்லாக் கணக்குகளையும் நிர்வகிக்கும் உரிமை) யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அட்மின் லாகினில் நுழைந்து, சர்வே பட்டியலில் 'முடிந்தவை', 'ஆவணக் காப்பு' போன்ற பிரிவுகளையும் பாருங்கள். நடப்பில் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி பட்டியல் வடிகட்டப்பட்டிருக்கலாம்.

முன்னவர் அந்த மென்பொருளில் அல்லாமல் கூகுள் ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் போன்ற இணையப் படிவங்களில் எடுத்திருந்தால் அவசரம் அதிகம். அலுவலக கூகுள் கணக்கை அழித்தபின் 20 நாள்வரைதான் அட்மின் அதை மீட்க முடியும். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் அழிக்கப்பட்ட கணக்கின் படிவங்களை வேறொருவர் பெயருக்கு மாற்ற 30 நாள் அவகாசம். உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கு அழிக்கப்பட்டதா, வெறுமனே முடக்கப்பட்டதா என்று இன்றே விசாரியுங்கள். முடக்கப்பட்டதென்றால் கவலை இல்லை, திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

சர்வே கிடைத்த பிறகு ஒன்று கண்ணில் படும். மொத்த முடிவு தெரியும், ஆனால் பேக்கிங் போன்ற சிறு பிரிவின் முடிவு காலியாக இருக்கும். அது கோளாறு இல்லை. குறைந்தது ஐந்து பேராவது பதில் சொல்லாத பிரிவின் முடிவைக் காட்டாமல் விடுவது இத்தகைய பல மென்பொருள்களில் வழக்கம். நான்கு பேர் உள்ள இடத்தில் "சூப்பர்வைசர் சரியில்லை" என்று எழுதியவர் யார் என்று கண்டுபிடிப்பது எத்தனை சுலபம்! பெயர் வராது என்ற நம்பிக்கையில்தான் அவர் எழுதினார். அதைத் திறந்து தரும்படி விற்பனையாளரிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். முதலாளி வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

சரி, முடிவுகள் கைக்கு வந்ததும் என்ன செய்வது? அழகான வரைபட அறிக்கையோடு நிறுத்தாமல், மூலப் பதில்களையும் எக்செலில் திறக்கக்கூடிய கோப்பாக இறக்கி வையுங்கள். கேள்விகள் கேட்கப்பட்ட அதே வாசகம், தேதி, எத்தனை பேருக்குப் போனது, எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதும் வேண்டும். "சம்பளம் திருப்தியா?" என்று ஒரு வருடமும் "சம்பளம் நியாயமானதா?" என்று அடுத்த வருடமும் கேட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. வாசகம் கையில் இல்லாவிட்டால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கோப்பு யார் கண்ணிலும் படும் பொதுக் கம்ப்யூட்டரில் கிடக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகும் கிடைக்கவில்லை என்றால், அப்புறம் விற்பனையாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எங்கள் பழைய சர்வேக்கள் உங்கள் சர்வரில் இருக்கின்றனவா, சந்தா முடிந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், மேல் பிளானுக்கு மாறாமல் இறக்கித் தருவீர்களா என்று கேளுங்கள். போனில் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், பதில் எழுத்தில் வரட்டும்.