நோவில்லாத பல்லுக்கு ஏன் அவசரம்?

கேள்வி: விசுவமடுவில் வயல் செய்கிறேன். வயது 58. மகன் கனடாவிலிருந்து காசு அனுப்ப, மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் கீழ்க் கொடுப்பில் இம்பிளான்ட் பல் வைத்தேன். இப்போது பல் விளக்கும்போது அந்த இடத்து முரசில் இரத்தம் வருகிறது, வாயும் மணக்கிறது. நோவில்லை, பல் ஆடவுமில்லை. பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிக்க நின்றது, பிறகு திரும்பவும் வந்துவிட்டது. அரிவி வெட்டு முடியக் கொழும்புக்குப் போகலாமா? சீனி வருத்தம் உண்டு. வெற்றிலை போடுவேன்.

பதில்: வெட்டு முடியும்வரை வைத்திருக்காதீர்கள் ஐயா, இந்தக் கிழமையே காட்டுங்கள். கொழும்புக்கு ஓடவும் வேண்டாம். முதலில் கிளிநொச்சியில் ஒரு பல் வைத்தியர் பார்க்கட்டும்.

நோவில்லை, ஆடவில்லை என்கிறீர்கள். எனக்குப் பயமே அதில்தான். சொந்தப் பல்லின் வேரை நார்கள் எலும்போடும் முரசோடும் கட்டி வைத்திருக்கும். இம்பிளான்ட் என்பது வேருக்குப் பதிலாக எலும்புக்குள் இறக்கிய டைட்டேனியத் திருகாணி. அதற்கு அந்தக் கட்டு இல்லை. எலும்பு நேரே அதில் ஒட்டியிருக்கும், முரசு சும்மா அணைத்திருக்கும். அதனால் அழுக்கு இலகுவில் கீழே இறங்கிவிடும். மேலே எலும்பு கரைந்தாலும் அடியில் மிச்சமுள்ளது திருகாணியை அசையாமல் பிடித்திருக்கும். ஆடத் தொடங்கினால் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டிவரும்.

முரசு மட்டும் அழன்றிருந்தால் துப்புரவாக்க ஆறிவிடும். எலும்பு கரைந்திருந்தால் போனதை முழுதாக மீட்பது கஷ்டம். சில வேளை முரசைத் திறந்தே சுத்தம் செய்ய வேண்டும். எது என்று எக்ஸ்ரேயில் தெரியும். பல் வைத்தபோது எடுத்த படம் வீட்டில் கிடந்தால் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். திருகாணிக்கு மேலுள்ள பல் தொப்பி சீமெந்தால் ஒட்டியதா, திருகி ஏற்றியதா என்றும் கொழும்பில் கேட்டு வையுங்கள். முரசுக்கடியில் தங்கிப்போன சீமெந்துத் துணுக்கே சில பேருக்கு இந்த வினையைத் தருகிறது.

கிணற்றடித் தொட்டியில் பாசி பிடித்தால் தேய்த்துத்தானே கழுவுகிறோம்? திருகாணியில் படிந்த கிருமிப் படையும் அப்படித்தான். குளிசை மட்டும் அதைப் பெயர்க்காது.

சீனி கூடினால் முரசு இலகுவில் ஆறாது. மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். வெற்றிலையோடு பாக்கு, புகையிலை என்றால் கன்னத்தின் உட்பக்கத்தையும் வைத்தியருக்குக் காட்டுங்கள். புற்றுநோயும் அங்கே சத்தமில்லாமல்தான் தொடங்கும்.

அப்புறம், பல்லிடுக்குக்கென்றே சின்ன பிரஷ் விற்கிறது, உங்கள் இடுக்குக்கு ஏற்ற அளவை வைத்தியரிடம் கேளுங்கள். ஈர்க்கால் கிண்ட வேண்டாம். என் அம்மாவுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.