பழைய காரின் கதவுப் பலகை: மலையக வாசகர்களின் கேள்விகள்

கே: இரண்டு வருடங்களுக்கு முன் என் மொரிஸ் மைனர் காரின் கதவுகளின் உட்பக்கத்துக்குப் புதிய ஹாட்போர்ட் (மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய பலகை) வெட்டிப் போட்டேன். இப்போது அடிப்பக்கம் ஊறி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. எந்தப் பலகை நிலைக்கும்? (ஹட்டன்)

ப: பலகையைத் திட்டுவதற்கு முன் கதவைச் சோதியுங்கள். கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். காரைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் வடிதுளைகள் விட்டிருக்கிறார்கள். அறுபது வருடத் துருவும் சேறும் அந்தத் துளைகளை அடைத்திருக்கும். கண்ணாடியின் வெளிப்புறமாக ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது கீழே ஒழுகி வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் வைத்திருப்பது கதவல்ல, தண்ணீர்த் தொட்டி. ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தத் தொட்டி எத்தனை நாள் காயாது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பொலித்தீன் விரிப்பு. பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் தடித்த பொலித்தீனை ஒட்ட வேண்டும். பலரும் ஒட்டுகிறார்கள், ஆனால் கீழ்விளிம்பை வெளியே தொங்கவிடுகிறார்கள். உள்ளே தெறிக்கும் நீர் அதில் வழிந்து நேரே பலகையின் அடியில் போய்ச் சேர்கிறது. கீழ்விளிம்பைக் கதவுத் தகரத்தின் திறப்புக்குள் செருகுங்கள். நீர் கதவுக்குள்ளேயே விழுந்து துளை வழியாகப் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஹாட்போர்ட்டே போதும். எண்ணெய் ஏற்றிக் கடினமாக்கிய 3 மில்லிமீற்றர் வகையைக் கேட்டு வாங்கி, இருபுறமும் வார்னிஷ் பூசுங்கள். வெட்டிய விளிம்புக்கும், பலகையைக் கதவோடு பிடிக்கும் கிளிப்புகளுக்கான துளைகளின் உட்சுவருக்கும் இரண்டு பூச்சு அதிகம் வேண்டும். ஹாட்போர்ட் தண்ணீர் குடிப்பது அந்த வாய்களால்தான். என் சொந்தக் காராக இருந்தால் 4 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் (நீர் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை) போடுவேன். அப்போது கிளிப் பிடிக்கும் இடங்களை மட்டும் பின்புறமாகச் சற்றுச் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளிப் ஏறாது. மரத்தூள் நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையை வீட்டு அலுமாரிக்கு விட்டுவிடுங்கள்.

கே: எங்கள் ஸ்டோரில் பழைய தேயிலைப் பெட்டிகள் கிடக்கின்றன. அந்தப் பிளைவுட் உதவுமா? (மஸ்கெலியா)

ப: கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது. கடதாசிப் பைகள் வருவதற்கு முன் நம் தேயிலை கப்பலேறியது அந்தப் பெட்டிகளில்தான். கனம் பொருந்தும், பாரமும் இல்லை. ஆனால் பசை எல்லாப் பெட்டிக்கும் ஒன்றல்ல. உள்ளங்கையளவு துண்டை வெட்டி, நான்கு மணி நேரம் கொதிநீரில் போட்டு, பிறகு நகத்தால் கிளப்பிப் பாருங்கள். தாள் தாளாகப் பிரிந்தால் விறகுக்கு ஆகும். பிரியாமல் இருந்தால் ஆணித் துளைகளை அடைத்து, வார்னிஷ் பூசித் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கே: விளம்பரப் பலகை செய்யும் கடையில் பி.வி.சி. ஃபோம் போர்ட் மலிவாகக் கிடைக்கிறது. தண்ணீரும் ஊறாது. போடலாமா? (நுவரெலியா)

ப: வேண்டாம். 1,868 மீற்றர் உயரக் குளிரில் வெப்பத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் நிலைமை வேறு, அதிலும் கண்டிக்கோ கொழும்புக்கோ இறங்கினால் சொல்லவே வேண்டாம். அந்தப் பலகை சூட்டில் இளகும். கிளிப்புகள் இழுக்க இழுக்க அலையலையாகிவிடும். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் 3 மில்லிமீற்றர் ஏ.பி.எஸ். தகடு தேடுங்கள்.

கே: மேலே தோல் போடுவதா, ரெக்சினா? ஒருமுறை ரெக்சின் ஒட்டி, ஒரே மாதத்தில் கழன்றுவிட்டது. (கந்தப்பளை)

ப: ரெக்சின். உங்கள் ஊர் ஈரத்தில் தோலுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். வாரந்தோறும் துடைக்கப் பொறுமை இருந்தால் மட்டும் தோல். உள்ளே வைக்கும் பஞ்சு, நீர் உறிஞ்சாத மூடிய துளை வகையாக இருக்கட்டும். சாதாரண ஸ்பொஞ்ச் வைத்தால் கதவோடு ஈரத்துணியைக் கட்டியது போல.

கழன்றதற்குப் பசை காரணமல்ல, நீங்கள் ஒட்டிய நேரம்தான் என்பது என் ஊகம். மூட்டத்தில் கொன்டாக்ட் பசை பூசினால், அதன் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பால் படிந்தது போல ஒரு வெண்மை தெரியும். அதன் மேல் ஒட்டியது ஒட்டாது. காய்ந்த நாளாகப் பார்த்து, பகல் பதினொரு மணிக்கு மேல் வேலையைத் தொடங்குங்கள். பலகையையும் ரெக்சினையும் முதலில் சற்று வெயில் காட்டி எடுங்கள்.

கே: என் வொக்ஸ்வேகன் பீட்டில் காரின் பழைய கதவுப் பலகை தொலைந்துவிட்டது. அளவு எப்படி எடுப்பது? (பண்டாரவளை)

ப: பெட்டி அட்டை ஒன்றைக் கதவளவுக்கு வெட்டுங்கள். குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, தகரத்தின் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தொட்டு வையுங்கள். அட்டையை அழுத்தி எடுத்தால் துளைகள் அத்தனையும் சிவப்பு வளையங்களாகப் பதிந்திருக்கும். இடது கதவின் அட்டையைத் திருப்பிப் போட்டு வலதுக்கு வெட்டிவிடாதீர்கள். பழைய தகரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

திருகாணி நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த முதல் கதவில், கைப்பிடிக்கு அரை அங்குலம் கூடுதலான ஆணியை முறுக்கிவிட்டேன். பலகை அழகாகத்தான் இருந்தது. உரிமையாளர் கண்ணாடியை இறக்கியபோது 'கரக்' என்ற சத்தம் கேட்டது. புதுக் கண்ணாடிக்கு நான்தான் காசு கொடுத்தேன்.