ஏலகிரியில் ஓர் இரவு: எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகும் முன்

கேள்வி: வேலூரில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜனவரி கடைசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேரை, பையன்களும் பெண்களுமாக, ஏலகிரியில் ஒரு தனியார் முகாமில் ஓர் இரவு தங்க வைக்கப்போகிறோம். கூட நான்கு ஆசிரியர்கள். டென்ட், கேம்ப்ஃபயர், காலையில் சின்னதாக ஒரு மலையேற்றம் என்று நிரல் போட்டு இணைத்திருக்கிறேன். வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: ஒன்றும் சேர்க்க வேண்டாம் டீச்சர், இருப்பதில் இரண்டைக் குறைத்தால் இன்னும் நல்லது. பகல் முழுக்க அரை மணிக்கு ஒரு நிகழ்ச்சி வைத்திருக்கிறீர்கள், இரவு 9 மணிக்கு ‘தூக்கம்’ என்று ஒரே ஒரு சொல், அடுத்த வரியில் காலை 6 மணி ஆகிவிட்டது. நடுவில் இருக்கும் அந்த ஒன்பது மணி நேரத்துக்குத்தான் திட்டம் வேண்டும்.

முதலில் ஆள் கணக்கு. 45 பேருக்கு நாலு பேர் பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவனுக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் ஒரு ஆசிரியர் அவனோடு கீழே இறங்க வேண்டும், மீதி மூன்று பேரில் யார் விழித்திருப்பது, யார் தூங்குவது? ஆறு பேராவது வேண்டும், அதில் மூன்று பேர் பெண்கள். முறை வைத்து எப்போதும் இரண்டு பேர் விழித்திருங்கள். அப்புறம் பஸ். இறக்கிவிட்டு மறுநாள் வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்று வண்டிக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு வண்டி இல்லாமல் இருக்கக் கூடாது. டிரைவருக்கும் கட்டிலும் நேரத்துக்குச் சாப்பாடும் கேட்டு வாங்கிக் கொடுங்கள், காலையில் அந்த வளைவுகளில் உங்களை இறக்கப்போகிறவர் அவர்தான்.

முகாமை முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பாருங்கள், இருட்டிய பிறகு. பகலில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். பெண் பிள்ளைகளின் டென்டிலிருந்து கழிப்பறை எத்தனை அடி, வழியில் பல்பு எரிகிறதா, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தூரமோ இருட்டோ இருந்தால் பிள்ளைகள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், இல்லையென்றால் டார்ச் இல்லாமல் புதர்ப் பக்கம் ஒதுங்குவார்கள்.

பாம்பு விஷயத்தில் பயமுறுத்தவில்லை, ஆனால் கட்டுவிரியனைப் பற்றி ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும், கடித்த தடமே சில சமயம் தெரியாது, வீக்கமும் பெரிதாக இருக்காது. விடிகாலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்பான், இமை தொங்கும், பேச்சு குழறும். ராத்திரி சாப்பாடு சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், உடனே 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வர நேரமாகும் என்றால் உங்கள் பஸ்ஸிலேயே கிளம்புங்கள். கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. விஷமுறிவு மருந்து பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று போகும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் இருந்தால் கட்டில், டென்ட் என்றால் அடியில் துணி தைத்த டென்ட், ஜிப்பை முழுக்க மூடிவிட்டுத்தான் படுக்க வேண்டும், ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும்.

பெற்றோரிடம் வாங்கும் அனுமதிச் சீட்டில் வெறும் கையெழுத்து போதாது. வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் போவது எல்லாவற்றையும் கேளுங்கள், வகுப்பில் வாசிக்க மாட்டோம் என்ற உறுதியோடு. வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே வலிப்பு வந்துவிடலாம், அதனால் மாத்திரை ஆசிரியர் கையில் இருக்கட்டும். விடிய விடிய அரட்டை அவனுக்குக் கிடையாது.

சாப்பாடு அங்கேயே சூடாகச் சமைத்ததாக இருக்க வேண்டும், மிஞ்சிய சாதம் காலையில் எலுமிச்சை சாதமாகத் திரும்பி வரக் கூடாது. கேம்ப்ஃபயர் டென்டுக்குத் தள்ளி, ஒரு மணி நேரம், கடைசிக் கங்கு வரை தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், ஜனவரி வானத்தில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் மேலேயே நிற்கும், காசு செலவில்லாத நிகழ்ச்சி. மலையேற்றம் ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலைக் குன்றுக்கு என்றால் வனத்துறையிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள், 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் உயிர் போன பிறகு விதிகள் கடுமையாகியிருக்கின்றன. அருவி, குளம் எதிலும் குளியல் வேண்டாம். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், கெஞ்சட்டும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வேலை பாக்கி. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வருவது நம் பக்கம் சாதாரணம், குளிர்காலத்தில் கூடுதல். கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் முகாமே எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலையில் தங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள், அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள் என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கிவிடும்.